உள்பக்கத் தையல்

பவானி ஜமக்காளத்தில் உடை தைக்க முடியாது என்பது எங்கள் தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அது விரிக்கிற துணி. கல்யாண மண்டபத்தில் விரிப்பார்கள், கோயிலில் பஜனைக்கு விரிப்பார்கள், பஞ்சாயத்துப் பேச உட்கார விரிப்பார்கள். நூல் அத்தனை தடிப்பு. நெய்யும்போது ஊடை நெருங்கி விழுந்து பாவை முழுக்க மூடிவிடும். வண்ணம் எல்லாம் ஊடையில்தான். அதனால் பச்சையும் சிவப்பும் நீலமுமான அந்தப் பட்டைகள் அகலவாக்கில்தான் ஓடும். 1999-இல், கோவையில் ஃபேஷன் டிசைன் மூன்றாம் வருடம் படித்தபோது, அந்தத் துணியில் முழங்காலைத் தொடும் ஒரு நீளக் கோட்டு தைத்தேன்.

அப்பா தறிக்காரர். குழித்தறியிலிருந்து ஏறி வந்தவர், வெட்டிப் போட்டிருந்த துண்டுகளைப் பார்த்துவிட்டு, "ஏம் புள்ள, மிதிக்கறதப் போயி மேல போட்டுக்கறயா?" என்றார். ஆனால் அந்தத் துணியை எனக்காக நெய்து கொடுத்ததே அவர்தான். வழக்கத்தைவிட மெல்லிய நூல் போட்டு, பட்டைகளின் அகலத்தை நான் சொன்ன கணக்குக்கு மாற்றி, ராத்திரி நேரத்தில் நெய்தார்.

பட்டைகள் நெடுக்காக இறங்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்குத் துணியைக் குறுக்கே திருப்பி வைத்து வெட்ட வேண்டும். அப்படி வெட்டினால் துணி விழுகிற விதமே மாறிவிடுகிறது. தோளிலிருந்து ஒழுங்காக இறங்கி வந்து, கீழ் விளிம்பில் தகரம் மாதிரி விறைத்து நிற்கும். வீட்டு மிதி மெஷினில் 14-ஆம் நம்பர் ஊசி மூன்று உடைந்தது. 18-ஆம் நம்பர் வாங்கிப் போட்டேன். தையல் விழுந்தது, விறைப்பு போகவில்லை.

ஒரு நாள் எங்கள் ஊர் ஆற்றங்கரையில், கூடுதுறையில், ஒருவர் மீன் வலையை உதறிக்கொண்டிருந்தார். வலை விளிம்பில் கோத்திருந்த ஈயக் குண்டுகள் அதைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போயின. அவரிடம் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கி வந்தேன். கோட்டின் கீழ் மடிப்புக்குள், இரண்டு விரற்கடைக்கு ஒன்றாக, காடாத் துணியில் சின்னச் சின்னப் பை தைத்து, ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு குண்டு வைத்து மூடினேன். மொத்தம் 34. போட்டுக்கொண்டு நடந்தால் கோட்டு நடைக்கு ஏற்ப அசைந்தது. நின்றவுடன் அதுவும் நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஷனேல் கோட்டுகளின் கீழ் விளிம்பில் இதே காரணத்துக்காகச் சங்கிலி வைத்துத் தைப்பார்கள் என்பதை வெகுநாள் கழித்துத்தான் ஒரு புத்தகத்தில் படித்தேன்.

அந்தக் கோட்டைத் தைத்தது கல்லூரிகளுக்கு இடையேயான ஒரு போட்டிக்காக. முதல் பரிசு ஒரு கப், அதோடு திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் ஆறு மாதப் பயிற்சி, மாதச் சம்பளத்தோடு. கப் எனக்குப் பொருட்டில்லை. அந்த ஆறு மாதம்தான் வேண்டும். எங்கள் பேராசிரியை வகுப்பில் அடிக்கடி ஒரு கதை சொல்வார். 1954-இல் பாரிஸில் சர்வதேசக் கம்பளி அமைப்பு நடத்திய போட்டியில் உடைப் பிரிவில் ஈவ் சேன் லோரான், கோட்டுப் பிரிவில் கார்ல் லாகர்ஃபெல்ட் என்று இரண்டு இளைஞர்கள் பரிசு வாங்கினார்கள். மறுவருடமே ஒருவர் டியோரிடம் வேலைக்குச் சேர்ந்தார், இன்னொருவர் பால்மெயினிடம். "ஒரு போட்டி ஒரு வாசல்" என்பார் பேராசிரியை. பணமோ சொந்தமோ இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலில் வேறு வாசல் கிடையாது என்பதை அவர் சொல்லாமலே நாங்கள் புரிந்துகொண்டோம்.

போட்டியன்று மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில் விழாவுக்குப் பணம் கொடுத்த கம்பெனியின் பெயர் பெரிதாக இருந்தது. அந்தக் கம்பெனி முதலாளியின் மகளும் போட்டியாளர். நடுவர்கள் மூன்று பேர். மதியச் சாப்பாட்டுக்கு அவர்களை முதலாளியே அழைத்துக்கொண்டு போனார். அந்தப் பெண் செய்திருந்தது சந்தன நிற கவுன், மார்பிலும் கையிலும் ஆரி வேலை. அழகான உடை. அன்றைக்கு நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

நடுவர்கள் உடைகளை ராம்பில் மட்டும்தான் பார்த்தார்கள். ஒருவராவது பக்கத்தில் வந்து தொடவில்லை, ஒரு உடையைக்கூட உள்பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை. என் 34 குண்டுகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. முதல் பரிசு சந்தன நிற கவுனுக்கு. இரண்டாவது, மூன்றாவதிலும் நான் இல்லை.

மேடைக்குப் பின்னால் போய், ஒருங்கிணைப்பாளரிடம் என் மார்க்கைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தாள்களை ஃபைலுக்குள் வைத்து நாடாவைக் கட்டிக்கொண்டே, "அதெல்லாம் காட்டற வழக்கம் இல்லம்மா" என்றார். எங்கள் பேராசிரியை என் தோளில் கை வைத்து, "விடு கண்ணு" என்றார். பஸ்ஸில் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஈயம் கனத்தது.

இந்தக் கதையை அதற்குப் பிறகு எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஹாஸ்டலில், முதல் வேலையில், கல்யாணமான புதிதில். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. முதலில் நடுவர்கள் முதலாளியோடு சாப்பிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். பிறகு, முடிவு சொல்லும் முன் ஒரு நடுவர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார் என்று சேர்ந்துகொண்டது. அந்தத் தலையசைப்பை நான் பார்த்தேனா, பின்னாளில் என் மனசு போட்டதா என்று இப்போது என்னால் சத்தியம் செய்ய முடியாது. கையில் ஒரு எண் இருந்திருந்தால் கதை அந்த எண்ணோடு நின்றிருக்கும்.

2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. நொய்யல் கெட்டுப் போனதற்குக் கடைசியில் வந்த உத்தரவு அது; சரியான உத்தரவுதான். ஆனால் ஆர்டர் கையில் வைத்திருந்தவர்கள் துணியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள். நான் அப்போது ஒரு கம்பெனியில் பேட்டர்ன் பிரிவில் இருந்தேன். வெளியூர் சாயப்பட்டறை ஒன்றில் ஷேடு சரிபார்க்கக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜமக்காளக் கோட்டு நீங்கதானுங்களே?"

சந்தன நிற கவுன்காரர். பன்னிரண்டு வருடம் கழித்து, கையில் என்னைப் போலவே துணி சாம்பிள் பையோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு முதலில் பேச்சு வரவில்லை. அவராகவே பேசினார். "கவுன வெட்டிக் குடுத்தது எங்க கட்டிங் மாஸ்டர். அது நெசந்தானுங்க. ஆனா ஆரி வேலை நான் போட்டது. இருபத்திரண்டு நாள். ஒருத்தரும் நம்பல. நீங்களும் நம்பியிருக்க மாட்டீங்க."

நான் நம்பவில்லை என்று சொன்னேன். பொய் சொல்ல மனசு வரவில்லை.

அவர் சட்டென்று வலது கையை நீட்டிக் காட்டினார். ஆரி ஊசி பிடித்துப் பிடித்து நடுவிரலில் காய்த்துப் போயிருந்தது. அந்தத் தழும்பு இருபத்திரண்டு நாளில் வருவதல்ல. வருடக்கணக்காகப் போட்டால்தான் வரும். "அன்னைக்கு நானும் மார்க் ஷீட்டக் கேட்டனுங்க" என்றார். "எனக்குப் பரிசு வந்தது அப்பாவாலயா, வேலையாலயான்னு தெரிஞ்சுக்கணும்னுதான். காட்டல. அப்பாகிட்டக் கேட்டா அவருக்குக் கோவம் வந்துருச்சு. இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

அதுவரை தோற்றவளுக்குத்தான் அந்த மூடிய ஃபைல் கெடுதல் செய்தது என்று நினைத்திருந்தேன். ஜெயித்தவரிடமும் அது ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருந்தது. அவர் செய்த வேலைக்கு அவரே உரிமை கொண்டாட முடியாமல் செய்துவிட்டது.

இனி இப்போதைய கதை. இது என்னைப் பற்றியது.

நான் தொழிலை விட்டு ஆசிரியப் பணிக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பேட்டர்னும் கார்மெண்ட் கன்ஸ்ட்ரக்ஷனும் எடுக்கிறேன். 2023-இல் மாணவர் போட்டி ஒன்றுக்கு நடுவராகக் கூப்பிட்டார்கள். நடத்துகிறவர்கள் நல்ல மாதிரி. 1999 மாதிரி இல்லை. உடைகளுக்குப் பெயர் கிடையாது, நம்பர் மட்டும். கல்லூரிப் பெயரும் கிடையாது. நடுவர்கள் யார் என்பதே அன்று காலையில்தான் மாணவர்களுக்குத் தெரியும். ராம்புக்கு முன்னால் இரண்டு மணி நேரம், டம்மியில் மாட்டியிருக்கும் உடைகளை நாங்கள் தொட்டுப் பார்க்கலாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் அன்றைக்குக் கேட்டதெல்லாம் இங்கே இருக்கிறது என்று நினைத்தேன்.

மேல்நாட்டு இசைக்குழுக்களில் ஆள் எடுக்கும்போது திரைக்குப் பின்னால் உட்காரவைத்து வாசிக்கச் சொல்வார்கள். நடந்து வரும் செருப்புச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடக் கூடாது என்று சில இடங்களில் தரையில் கம்பளமும் விரிப்பார்கள். அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் க்ளாடியா கோல்டினும் சிசிலியா ரௌஸும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் திரை வந்த பிறகு பெண்களுக்கு வாய்ப்புக் கூடியதைக் காட்டியது. நம்பர் முறையும் அந்தத் திரை மாதிரிதான். நல்ல முறை. ஆனால் தையலில் ஒரு சிக்கல் இருக்கிறது. கையெழுத்து மாதிரி கைத்தையலும் ஆளைக் காட்டிக் கொடுக்கும்.

நம்பர் 17. சின்னாளப்பட்டிச் சுங்குடியில் செய்த நீள அங்கி. கழுத்தைத் திருப்பினேன். ஓரப்பட்டியைக் குறுக்கு வெட்டில் எடுத்து, இஸ்திரி போட்டு வளைத்து, மேல் தையல் தெரியாமல் உள்ளே கைத்தையலில் இறக்கியிருந்தது. அக்குளில் பிரெஞ்ச் சீம், திரும்பும் இடத்தில் மூன்று சின்ன வெட்டு. நல்ல கை என்று நினைத்துக்கொண்டே கீழ் விளிம்பைப் பிடித்தேன். விரலுக்கு அடியில் உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டது. கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். இன்னொன்று. இரண்டு விரற்கடைக்கு ஒன்று.

வகுப்பில் அந்தக் கதையை நான்தான் சொல்லியிருக்கிறேன். வலைக் குண்டை எப்படிப் பைக்குள் வைத்து மூடுவது என்று கரும்பலகையில் போட்டும் காட்டியிருக்கிறேன்.

அந்த நொடியில் நான் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. நூற்றுக்கு 91 போட்டேன். போட்ட பிறகுதான் மற்ற இரண்டு நடுவர்களிடமும் சொன்னேன், இது என் மாணவி செய்தது, கை தெரிந்துவிட்டது என்று. ஒருவர், "அதனால என்ன மேடம், உங்கள எங்களுக்குத் தெரியாதா" என்றார். மரியாதையோடுதான் சொன்னார். நானும் சும்மா இருந்துவிட்டேன். 91-இல் எத்தனை அந்த உடைக்கு, எத்தனை அந்த ஈயத்துக்கு? 1999-இல் யாரும் தொடாமல் விட்ட கோட்டுக்கு அன்றைக்கு நானே மார்க் போட்டுக்கொண்டேனா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

நம்பர் 17-க்கு முதல் பரிசு. மொத்தம் 249. இரண்டாவதாக வந்த நம்பர் 9-க்கு 245.

விழா முடிந்து தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தேன். ஒரு பெண் வழியில் நின்றாள். வேறு ஊர்ப் பெண். இஞ்ச் டேப் இன்னும் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. "மேடம், 17 உங்க ஸ்டூடண்ட்டுன்னு சொல்றாங்க. நெசமா?" என்றாள். நான் ஆமாம் என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "என் மார்க் மட்டும் பாக்கலாமா?" என்றாள்.

பக்கத்தில் வந்துகொண்டிருந்த ஒருங்கிணைப்பாளர் எனக்கு முன்னால் பதில் சொன்னார். "அதெல்லாம் காட்டற வழக்கம் இல்லம்மா."

அதே வாக்கியம். ஒரு சொல் மாறவில்லை. இருபத்து நான்கு வருடம், வேறு கட்டடம், வேறு மனிதர், நல்ல மனிதரும்கூட. வாக்கியம் மட்டும் அப்படியே இருந்தது.

தாள்களை வாங்கி அங்கேயே ஜன்னல் திண்டில் விரித்து வைத்தேன். அவள் நம்பரைத் தேடினோம். ஐந்தாவது இடம். ஃபினிஷிங்கில் இருபதுக்கு மூன்று பேருமே பத்துக்குள்தான் போட்டிருந்தோம். அவள் விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள். "ஜிப் வெச்ச எடம் சுருங்கிருச்சு மேடம். எனக்கே தெரியும்" என்றாள். முகம் தெளிந்துவிட்டது. அழவும் இல்லை, திட்டவும் இல்லை. ஐந்தாவது இடத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டவள் மாதிரி நடந்து போனாள். நான் அன்றைக்கு எதற்காகக் கேட்டேனோ, அது இவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒருங்கிணைப்பாளரிடம் என் மார்க்கை எடுத்துவிட்டுக் கூட்டச் சொன்னேன். 17-க்கு 78-உம் 80-உம் சேர்ந்து 158. 9-க்கு 82-உம் 81-உம், 163. வரிசை மாறிவிட்டது.

என் மாணவிக்கு அது பெரிய அடி. ஒன்பது நாள் கழித்து இரண்டு பேருக்குமே முதல் பரிசு என்று அறிவித்தார்கள். அந்த ஒன்பது நாளும் அவள் வகுப்பில் தலை நிமிரவில்லை. ஒரு சாயங்காலம் லேபில் தனியாக இருந்தபோது வந்து கேட்டாள், "குண்டு வெச்சது தப்பா மேடம்?" வைத்தது சரி, அதைத் தொட்டவுடன் நான்தான் எழுந்து போயிருக்க வேண்டும் என்று சொன்னேன். தலையாட்டினாள். ஆனால் பட்டது அவள்தான். அந்தக் கடன் எனக்கு அவளிடம் இருக்கிறது.

இந்தத் துறையில் பாரபட்சம் என்றால் எல்லோரும் பணத்தைத்தான் நினைக்கிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு மார்க் போடும் நடுவரை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை. நான் பார்த்தது எல்லாம் தெரிந்த கை, தெரிந்த பள்ளி, தெரிந்த ரசனை. பட்டுத் துணியைப் பார்த்தால் ஒரு மார்க் தானாக ஏறும். கேட்ட கேள்விக்கு ஆங்கிலத்தில் கடகடவென்று பதில் சொல்லும் பிள்ளைக்கு இன்னொரு மார்க். போடுகிறவருக்கே தெரியாமல் போடுகிற மார்க் இது. எனக்கு மட்டும் தெரிந்தது, ஏனென்றால் விரலில் ஈயம் தட்டுப்பட்டது.

2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் ஜோடி ஸ்கேட்டிங் போட்டியில் நடுவர்களின் மார்க்தான் பெரிய விவகாரமாக வெடித்தது. பிரெஞ்சு நடுவர் தனக்கு நெருக்கடி கொடுத்தார்கள் என்று சொல்ல, கடைசியில் கனடா ஜோடிக்கும் இன்னொரு தங்கம் கொடுத்துச் சமாளித்தார்கள். பிறகு மதிப்பெண் முறையையே மாற்றினார்கள். அதிகபட்ச மார்க்கையும் குறைந்தபட்ச மார்க்கையும் விட்டுவிட்டு மிச்சத்தைக் கணக்கில் எடுத்தார்கள். அதுவரை சரி. ஆனால் நடுவர்களை நெருக்கடியிலிருந்து காப்பாற்ற என்று, எந்த மார்க்கை யார் போட்டார் என்பதை மறைத்தார்கள். சந்தேகம் குறையவில்லை, கூடியது. 2016-இல் அந்த மறைப்பை அவர்களே எடுத்துவிட்டார்கள். போட்டியாளரின் பெயரை மறைப்பது நியாயத்துக்கு உதவும். நடுவரின் மார்க்கை மறைப்பது யாருக்கும் உதவாது. நம் ஊர்ப் போட்டிகள் பலவற்றில் இது தலைகீழாக நடக்கிறது.

போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முடிவு சொன்ன அன்று சாயங்காலமே மார்க் ஷீட்டை நடுவர் பெயரோடு சுவரில் ஒட்டிவிடுங்கள். ஒரு தாள், நான்கு குண்டூசி, அவ்வளவுதான் செலவு. விழாவுக்குப் பணம் கொடுத்தவர் வீட்டுப் பிள்ளை போட்டியில் இருந்தால், அந்தப் பிள்ளையின் நன்மைக்காகவே, அவரை நடுவர்களின் சாப்பாட்டு மேஜைக்கு அனுப்பாதீர்கள். நடுவராகப் போகும் ஆசிரியர்களே, தெரிந்த கை தட்டுப்பட்டால் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். மார்க் போட்ட பிறகு சொல்வது சொல்லாததற்குச் சமம். நான் அதைத்தான் செய்தேன்.

கோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அப்பா 2015-இல் போய்விட்டார். குண்டு வைத்த இடத்தில் காடாத் துணி ஈயக் கறை பிடித்துக் கறுத்திருக்கிறது. 1999-இல் அதற்கு எத்தனை மார்க் விழுந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.